ஐம்பதாயிரம் யாருடைய எண்?

ஒக்டோபர் மாதம் பிறந்தால் போதும், எழுத ஆசைப்படுகிற தம்பி தங்கச்சிமார் யாராவது என்னிடம் வந்து கேட்பார்கள்: "அக்கா, ஒரு மாதத்திலை ஒரு நாவல் எழுதலாமோ?" எழுதலாம். எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு அடுத்ததாக வருகிற வசனம்தான் எனக்குக் கவலை தருவது: "ஐம்பதாயிரம் சொல் வரவேணுமாம். வராட்டித் தோல்விதானே?"

இல்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது நாள் என்ற எல்லையை இரவல் வாங்குங்கள். ஐம்பதாயிரம் என்ற எண்ணை இரவல் வாங்காதீர்கள். இலக்கை நீங்களே வையுங்கள். எழுதத் தொடங்குவதற்கு முன்பே வையுங்கள். குறிப்பாக, நீங்கள் தமிழில் எழுதப் போகிறீர்கள் என்றால் அந்த எண் உங்களுக்குத் தைத்த சட்டையே அல்ல.

அந்த எண் வந்த கதை

1999 ஜூலையில், சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் கிறிஸ் பேட்டி என்ற ஓர் இளைஞரும் அவருடைய நண்பர்களுமாக 21 பேர், ஒரு மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதுவது என்று விளையாட்டாகத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அதை நவம்பருக்கு மாற்றினார்கள். 140 பேர் சேர்ந்தார்கள். பிறகு அது உலகம் முழுக்கப் பரவி 'நானோரைமோ' என்ற செல்லப்பெயரோடு பெரிய இயக்கமாக வளர்ந்தது. ஐம்பதாயிரம் என்ற எண்ணுக்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. பேட்டி தன் புத்தக அலுமாரியில் இருந்த சிறிய நாவல் ஒன்றைப் பார்த்துக் குத்துமதிப்பாக எடுத்த கணக்கு அது. முப்பதால் பிரித்தால் ஒரு நாளைக்கு 1,667 சொற்கள்.

அந்த முறையால் நல்லது நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். சாரா குரூவனின் 'வாட்டர் ஃபோர் எலிஃபண்ட்ஸ்', எரின் மோர்கன்ஸ்டர்னின் 'த நைட் சேர்கஸ்' ஆகிய நாவல்கள் இந்த நவம்பர் எழுத்திலிருந்து வளர்ந்தவைதான். ஆனால் கவனியுங்கள்: 'த நைட் சேர்கஸ்' ஒரே நவம்பரில் முடிந்து அச்சுக்குப் போன புத்தகம் அல்ல. திரும்பத் திரும்ப எழுதப்பட்டு, 2011இல்தான் வெளிவந்தது. மாதம் அதற்கு விதையைக் கொடுத்தது. மரத்தை ஆண்டுகள்தான் வளர்த்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அமைப்பே, தன்னுடைய இளையோர் பிரிவில் ஐம்பதாயிரத்தைக் கட்டாயமாக்கவில்லை. பிள்ளைகள் தங்கள் சொல் இலக்கைத் தாங்களே தெரிவு செய்யலாம் என்றது. ஏப்ரலிலும் ஜூலையிலும் நடத்திய 'முகாம்' மாதங்களில் பெரியவர்களுக்கும் அதே சுதந்திரம் இருந்தது. ஆக, இலக்கு ஆளுக்கு ஆள் வேறுபடலாம் என்பதை எண்ணைக் கண்டுபிடித்தவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

2024இல் செயற்கை நுண்ணறிவு பற்றி அவர்கள் வெளியிட்ட நிலைப்பாடு பல எழுத்தாளர்களைக் கோபப்படுத்தியது. 2025 மார்ச் இறுதியில் அமைப்பை மூடுவதாக அறிவித்தார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடிய ஒரு விளையாட்டுக்கு இப்போது நடுவரே இல்லை. சிலருக்கு இது கவலை. எனக்கு இது நல்ல சந்தர்ப்பமாகத் தெரிகிறது. மாதம் பொதுச் சொத்தாகிவிட்டது. விதியை எழுதுகிற பேனா இனி உங்கள் கையில்.

தமிழில் எண்ணிப் பாருங்கள்

இப்போது நமக்கே உரிய விடயத்துக்கு வருகிறேன். ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒரே அளவு அல்ல.

ஆங்கிலத்தில் இப்படி ஒரு வசனம் இருக்கிறது என்று வையுங்கள்: "தே மஸ்ட் ஹாவ் பீன் வெயிட்டிங் ஃபோர் அஸ் இன் த கிச்சின்." எண்ணினால் பத்துச் சொற்கள். அதையே தமிழில் சொன்னால்: "குசினிக்குள் எங்களுக்காகக் காத்திருந்திருப்பார்கள்." மூன்றே சொற்கள். பொருளில் ஒரு துளியும் குறையவில்லை. ஆங்கிலம் தனித்தனியே அடுக்கி வைக்கிற சின்னச் சின்னச் சொற்களை எல்லாம் தமிழ் ஒன்றாக ஒட்டிவிடுகிறது. 'காத்திருந்திருப்பார்கள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒருவரல்ல பலர் என்பதும், அவர்கள் செய்த வேலை என்ன என்பதும், அது நடந்து முடிந்தது என்பதும், சொல்பவர் அதை நேரில் பார்க்கவில்லை, ஊகிக்கிறார் என்பதும் எல்லாம் அடங்கிவிட்டன.

எல்லா வசனமும் இவ்வளவுக்குச் சுருங்காது. நான் என்னுடைய எழுத்தையே இரண்டு மொழியிலும் வைத்து எண்ணிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஆயிரம் சொல் வருகிற இடத்தில் தமிழில் எழுநூறுக்குக் கிட்ட வந்தது. அது என் நடை. உங்களுக்கு வேறாக வரலாம். ஆனாலும் அந்தக் கணக்கில் பார்த்தால், ஆங்கிலத்தில் ஐம்பதாயிரம் எழுதுகிற உங்கள் வகுப்புத் தோழியும் தமிழில் முப்பத்தையாயிரம் எழுதுகிற நீங்களும் ஒரே நீளமான கதையைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு வெற்றி, உங்களுக்குத் தோல்வி என்றால் அது என்ன நியாயம்?

சிக்கல் அதோடு முடியவில்லை. "வந்துகொண்டிருந்தான்" என்று சேர்த்து எழுதினால் கணினி ஒரு சொல் என்று எண்ணும். "வந்து கொண்டு இருந்தான்" என்று பிரித்து எழுதினால் மூன்று. இரண்டு மாதிரியும் எழுதுகிறவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். இடைவெளி விசையை நாலு தரம் கூடுதலாகத் தட்டினால் இலக்கு கிட்ட வந்துவிடும் என்றால், அது எழுத்தின் கணக்கா, பெருவிரலின் கணக்கா? எழுத்தை எண்ணலாம் என்றாலும் அதே கதைதான். 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி அதை ஐந்து குறியீடுகளாக வைத்திருக்கிறது.

ஆகவே தமிழில் எழுதுகிறவர்களுக்கு என் ஆலோசனை: சொல் எண்ணிக்கையைத் துணைக் கணக்காக வைத்திருங்கள், முதற் கணக்காக வேண்டாம். நேரத்தையோ, பக்கத்தையோ, காட்சியையோ எண்ணுங்கள். "இன்று ஒரு காட்சி எழுதினேன்" என்பதை எந்த இடைவெளி விசையாலும் ஏமாற்ற முடியாது.

முதலில் உங்களை அளந்து பாருங்கள்

இலக்கு வைக்கிற பலர் ஆசையிலிருந்து தொடங்குகிறார்கள். நான் அளவிலிருந்து தொடங்கச் சொல்வேன். மாதம் தொடங்க ஒரு கிழமைக்கு முன், மூன்று நாட்கள், நாளுக்கு இருபது நிமிடம் மணிக்கூடு வைத்து எழுதிப் பாருங்கள். எதைப் பற்றியும் எழுதலாம். முடிவில் எவ்வளவு வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இருபது நிமிடத்தில் 150 சொல் வருகிறது என்று வைப்போம். தமிழில் தட்டச்சு செய்யப் பழகிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு அது மோசமான வேகம் அல்ல. அப்படியென்றால் ஒரு மணித்தியாலத்தில் 450. ஒரு நாளைக்கு 1,667 சொல் எழுத உங்களுக்கு மூன்று மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் தேவை. பள்ளிக்கூடம் முடிந்து, வீட்டுப்பாடம் செய்து, ரியூசனுக்கோ பகுதிநேர வேலைக்கோ போய்வந்து, தம்பியைக் கராத்தே வகுப்பிலிருந்து கூட்டிவந்து, அதற்குப் பிறகு மூன்றே முக்கால் மணித்தியாலமா? மூன்றாம் நாளே படுத்துவிடுவீர்கள். அதன் பிறகு "எனக்குத் தமிழ் வராது" என்று உங்களைப் பற்றி நீங்களே ஒரு பொய்யை நம்பத் தொடங்குவீர்கள். எனக்குப் பயம் அதுதான். ஒரு மாதம் வீணாவது பெரிய நட்டம் அல்ல. அந்தப் பொய் பதினைந்து வயதில் ஒட்டிக்கொண்டால் முப்பத்தைந்து வயதிலும் உதிராது.

இப்போது அதே வேகத்தை வைத்து மற்றப் பக்கமாகக் கணக்குப் பாருங்கள். நாளுக்கு நாற்பது நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள். மாதத்தில் 22 நாள். நாளுக்கு 300 சொல். மொத்தம் 6,600. இது கேலிக்குரிய எண்ணா? ஒரு நீண்ட சிறுகதை அவ்வளவுதான் வரும். ஒரு நாவலின் முதல் இரண்டு மூன்று அத்தியாயங்கள் அவ்வளவுதான் வரும். நம்மிடம் 'குறுநாவல்' என்றே ஒரு வடிவம் இருக்கிறது, கி. ராஜநாராயணனின் 'கிடை' போன்ற மதிக்கப்பட்ட படைப்புகள் அதில் உண்டு. நீளம் குறைந்தால் மதிப்புக் குறையும் என்று தமிழ் ஒருபோதும் சொன்னதில்லை.

தட்டச்சு பற்றியும் ஒரு வார்த்தை. நம்மில் பெரும்பாலானோர் ஆங்கில எழுத்தில் அடித்து அது தமிழாக மாறுகிற முறையில்தான் எழுதுகிறோம். அவசரத்துக்கு நல்லது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் மூளை ஒருமுறை ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. 'தமிழ்99' என்ற விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடது கையிலும் மெய்கள் வலது கையிலும் இருக்கும். ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதில் புள்ளி தானாகவே விழும். நானோரைமோ பிறந்த அதே 1999இல் வந்தது இது. ஒக்டோபரில் நாளுக்குப் பதினைந்து நிமிடம் பழகுவதையே ஒரு இலக்காக வைக்கலாம். அது பிடிக்கவில்லையா? கைபேசியில் குரலால் எழுதுங்கள். இலங்கைத் தமிழ், மலேசியத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் எல்லாம் தனித்தனியாகத் தெரிவு செய்யலாம். அதுவும் வேண்டாமா? கொப்பியில் பேனாவால் எழுதுங்கள். அங்கே பக்கம்தான் கணக்கு.

உங்கள் கைக்குள் இருக்கிற இலக்கு

"நல்ல நாவல் எழுதவேணும்" என்பது இலக்கு அல்ல, ஆசை. "புத்தகமாகப் போடவேணும்" என்பதும் உங்கள் கையில் இல்லை. "இரவு எட்டு மணியிலிருந்து எட்டு நாற்பது வரை, கைபேசியை மற்ற அறையில் வைத்துவிட்டு, என் கதையோடு இருப்பேன்" என்பது முழுக்க முழுக்க உங்கள் கையில் இருப்பது. நடந்ததா இல்லையா என்று இரவு படுக்கும்போது ஆம், இல்லை என்று பதில் சொல்லலாம். இலக்குக்கு அந்தத் தெளிவு வேண்டும்.

நான் வைப்பது மூன்று படி. அடிப்படி: எவ்வளவு களைத்த நாளிலும் செய்யக்கூடியது. எனக்கு அது மூன்று வசனம். காய்ச்சலாக இருந்தாலும் மூன்று வசனம் எழுதலாம். நடுப்படி: சாதாரண நாளுக்கு உரியது, நாற்பது நிமிடம். மேற்படி: ஞாயிற்றுக்கிழமை, வெளியே பனி, வீட்டில் ஒரு விருந்தும் இல்லை என்றால், இரண்டு மணித்தியாலம். மூன்றில் எதைத் தொட்டாலும் நாட்காட்டியில் ஒரு கோடு போடுவேன். கோட்டுக்கு நிறம் ஒன்றுதான். மூன்று வசனம் எழுதிய நாளும் எழுதிய நாள்தான்.

அடுத்தது, செய்யாமல் இருப்பதற்கும் ஓர் இலக்கு வேண்டும். எனக்கு அது: அந்த மாதம் எழுத்துப்பிழை பார்ப்பதில்லை. 'ன'வா 'ண'வா, 'ல'வா 'ள'வா, இங்கே 'க்' மிகுமா என்ற கேள்விகள் நம் தலைமுறையைப் பேனாவைத் தொடவிடாமல் வைத்திருக்கின்றன. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சிவப்பு மையால் திருத்தப்பட்ட கொப்பிகள் நம் எல்லோரிடமும் இருக்கின்றன. திருத்தியவர்கள் அன்போடுதான் திருத்தினார்கள். ஆனால் முதல் வரைவுக்குச் சிவப்பு மை தேவையில்லை. தமிழ்ச் சொல் வராத இடத்தில் ஆங்கிலச் சொல்லைப் போட்டு ஒரு நட்சத்திரக் குறி வைத்துவிட்டு மேலே போங்கள். பிழைகளுக்கு அடுத்த மாதம் இருக்கிறது.

நாளுக்கு ஒரு சொல்

என் பட்டியலில் நான் மிகவும் மதிக்கிற இலக்கு இது: நாளுக்கு ஒரு சொல்லை வீட்டில் ஒரு பெரியவரிடமிருந்து கேட்டு வாங்குவது.

கதை யாழ்ப்பாணத்து வீடு ஒன்றில் நடக்கிறது என்று வையுங்கள். நாங்கள் 'கேற்' என்றுதான் எழுதுவோம். அம்மம்மாவைக் கேட்டால் 'படலை' என்பா. வேலி என்று எழுதுவோம். அதில் நடுகிற தடிக்குக் 'கதியால்' என்று பெயர், அது சும்மா தடி இல்லை, துளிர்க்கும் என்பா. கூரையைப் பற்றிக் கேட்டால் 'கிடுகு' வரும். கிணற்றைப் பற்றிக் கேட்டால் 'துலா' வரும். துலா வந்தால் அதில் ஏறி மிதித்தவர் யார், ஒருநாள் கயிறு அறுந்தது எப்படி என்று முழு அத்தியாயமே வரும். "என்ன பிள்ளை, இதெல்லாம் ஒரு கதையே?" என்று கேட்டுக்கொண்டே சொல்லுவா. ஓம் அம்மம்மா, இதுதான் கதை.

உங்கள் வீடு யாழ்ப்பாணமாக இருக்கவேண்டும் என்றில்லை. மட்டக்களப்பு, மலையகம், மதுரை, மலேசியத் தோட்டப்புறம் எதுவானாலும் அந்தந்த வீட்டுக்கு அதன் சொற்கள் இருக்கின்றன. அகராதியில் சில கிடைக்கும். ஆனால் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிற மனிதர்களும் மணமும் அகராதியில் கிடைக்கா. அந்தச் சொற்களை வைத்திருப்பவர்களுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. முப்பது நாளில் முப்பது சொல் சேர்த்தால், நாவல் முடியாவிட்டால்கூட ஒரு பொக்கிசம் உங்கள் கையில் இருக்கும். ஐம்பதாயிரத்தைத் துரத்துகிறவருக்கு இதற்கு நேரம் இருக்காது. நான் அந்த எண்ணோடு மல்லுக்கட்டுவதன் உண்மையான காரணம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. சில கதைகளை அவர்கள் சொல்லமாட்டார்கள். கிணற்றைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைக்கிற அதே அம்மம்மா, ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாளைப் பற்றிக் கேட்டால் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவா. அதைத் தோண்டி எடுப்பதை எந்த மாதத்துக்கும் இலக்காக வைக்காதீர்கள். உங்கள் அத்தியாயத்துக்கு ஒரு திருப்பம் வேண்டும் என்பதற்காக அவவின் நித்திரை கெடக்கூடாது. சொன்னதையும் எழுதுவதற்கு முன் ஒருமுறை கேளுங்கள்: "அம்மம்மா, இதை நான் எழுதட்டோ? பேரை மாத்துறன்." 'வேண்டாம்' என்றால் வேண்டாம். நாவல் காத்திருக்கும்.

இலகுவாக வைத்தால் அது சவாலா?

என் கருத்தை ஏற்காத நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. "பெரிய எண்தான் மனதுக்குள் இருக்கிற விமர்சகரின் வாயை அடைக்கும். நாளுக்கு 1,667 எழுதவேண்டியவனுக்கு ஒவ்வொரு வசனத்தையும் நக்கிப் பார்க்க நேரமில்லை. சின்ன இலக்கு வைத்தால் பழையபடி ஒரு வசனத்தை முப்பது தரம் திருத்திக்கொண்டிருப்போம்."

வேகத்துக்கு அந்தச் சக்தி உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேகத்தை நிமிடத்திலும் கொண்டுவரலாம். நாற்பது நிமிடம் என்று மணிக்கூட்டை வைத்து, அழிக்கும் விசையைத் தொடாமல் எழுதிப் பாருங்கள். அதே விமர்சகர் அதே மாதிரி வாயை மூடிக்கொள்வார். எல்லை இறுக்கமாக இருக்கவேண்டும். அது உங்கள் வாழ்க்கைக்குள் அடங்கவும் வேண்டும்.

இன்னும் ஒன்று. உங்கள் வேகம் நல்ல வேகமாக இருந்து, விடுமுறையும் இருந்து, ஆங்கிலத்தில் எழுதுகிறீர்கள் என்றால் ஐம்பதாயிரமே உங்கள் எண்ணாக இருக்கலாம். தாராளமாக வையுங்கள். அளந்து பார்த்து நீங்களே வைத்ததென்றால் அது உங்களுடைய எண்தான்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களை நான் குறைத்து நினைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த நம்மைப் போன்ற ஒருவர்தான் வி. வி. கணேசானந்தன். அவருடைய 'பிரதர்லெஸ் நைட்' ஆங்கிலத்தில் எழுதப்பட்டு 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசை வென்றது. யாழ்ப்பாணத்துக் கதை. அதை எழுதி முடிக்க அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எடுத்தன. இருபது ஆண்டுகளில் எத்தனை நவம்பர் வந்து போயிருக்கும்!

எந்த மாதம்?

நவம்பர்தான் என்று யார் சொன்னது? கனடாவில் அது இருட்டுகிற மாதம். பள்ளிக்கூடத்திலும் பல்கலைக்கழகத்திலும் சோதனைகள் குவிகிற மாதம். இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ எழுதப்போகிற பலருக்கு மாதிரிப் பரீட்சைகள் அந்த நேரத்தில் வரும். தீபாவளியோ கந்தசஷ்டி விரதமோ அந்தப் பக்கமாக வந்து விழும். ஈழத்திலிருந்து வந்த பல வீடுகளில் நவம்பர் கடைசிக் கிழமை கனமான கிழமை. அந்த நாட்களில் வீட்டில் யாரும் அதிகம் கதைக்கமாட்டார்கள், நீங்களும் கணினியின் முன் இருக்க விரும்பமாட்டீர்கள்.

அப்படியென்றால் ஜூலையை எடுங்கள். முதன்முதல் நடந்ததே ஜூலையில்தானே. அல்லது தை மாதத்தை எடுங்கள். ஜனவரி நடுவில் தொடங்கி பெப்ரவரி நடுவில் முடியும், பொங்கல் அன்று முதல் வசனத்தை எழுதலாம். ஒன்ராறியோவில் உயர்தரப் பள்ளிக்கூடத்தில் படிப்பவர்களுக்குத் தையின் இரண்டாம் கிழமை பருவ இறுதிப் பரீட்சையோடு மோதும். அவர்களுக்கு அது சரிவராது. உங்கள் பரீட்சை அட்டவணையைப் பார்த்துத் தீர்மானியுங்கள். மாதத்தையே நீங்கள் தெரிந்தெடுத்தால், இலக்கின் பாதி அப்போதே உங்களுடையதாகிவிடும்.

தெரிந்தெடுத்ததை வீட்டில் சொல்லுங்கள். "நாவல் எழுதி என்ன செய்யப்போறாய்?" என்ற கேள்வி வரும். அதற்குப் பெரிய விளக்கம் கொடுக்கவேண்டாம். "அம்மா, இந்த மாதம் எட்டிலையிருந்து எட்டு நாப்பது வரை என்னைக் கூப்பிடாதேங்கோ. எட்டே முக்காலுக்குக் கோப்பை கழுவுறன்" என்று சொல்லுங்கள். நம் பெற்றோர் நேரசூசிக்கு மரியாதை கொடுப்பவர்கள். இரண்டு கிழமை போனபின் அவர்களே "இன்னும் எட்டு மணியாகேல்லையோ?" என்று கேட்பார்கள்.

முப்பதாம் நாளுக்குப் பிறகு

தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படுகிற 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1857இல் எழுதினார் என்பார்கள். அச்சில் வந்தது 1879இல். கல்கி 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் எழுதினார். 1950 ஒக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம்தான் முடித்தார். கிழமைக்கு ஒரு பகுதி என்ற ஒழுங்கு அது. நம் மொழியின் மிகப் பிரபலமான நாவல் ஒன்று, ஒரே பாய்ச்சலில் எழுதப்படாமல் சின்னச் சின்ன இலக்குகளால் கட்டப்பட்டது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கனடாவில் வாழ்கிற அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' நாவலை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனிக்கதையாகவே வாசிக்கலாம். மாதத்துக்கு இப்படி நாலு அத்தியாயம் என்று வைத்தாலும் அது நேர்மையான நாவல் இலக்குத்தான்.

ஆகவே உங்கள் இலக்கில் முப்பத்தோராம் நாளுக்கும் ஒரு வரி இருக்கட்டும். மாதம் முடிந்தபின் வரைவை இரண்டு கிழமை மூடி வைப்பேன். அதன் பிறகு கிழமைக்கு ஒரு நாள் இதோடு இருப்பேன். இன்னாரிடம் முதலில் வாசிக்கக் கொடுப்பேன். இந்த மாதிரி ஏதாவது ஒன்று. அது இல்லாவிட்டால் முப்பது நாள் எழுதியது கணினியின் ஏதோ ஒரு மூலையில் கிடந்து தூசி பிடிக்கும்.

இன்றைக்கே ஒரு தாளை எடுத்து ஐந்து விடயங்களை எழுதுங்கள். எந்த மாதம். எந்த மொழி. எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம். களைத்த நாளில் ஆகக் குறைந்தது எவ்வளவு. யாரிடம் சொல் கேட்பீர்கள். ஐந்தாவது வரியில் ஒரு பெயரை எழுதியதும் தாளை மடித்து வைத்துவிட்டு அந்த ஆளுக்கு ஒரு போன் எடுங்கள். "சும்மாதான் எடுத்தனான், சுகமா இருக்கிறீங்களோ?" என்று தொடங்குங்கள். முதல் சொல் அங்கேயே கிடைத்துவிடும்.